என் வாயிலயும் அண்ணாச்சி வாயிலயும்

14-6-2006, புதன்

காதுல வுழலன்னு நெனச்சியா அண்ணாச்சி? நல்லா வுழுந்துச்சு. எனக்கு வாயில தான் தையல், காதுல இல்ல. "உங்காளுகளுக்கு அது ஒத்துக்கும்வே. நாங்க அப்படியா?" - இத சொல்லிட்டு நீ பாட்டுக்கு வெல்லம் நிறுக்க திரும்பிட்ட. நான் பதில் பேச முடியாத நேரமா பாத்து சொன்ன பாரு, அங்க நிக்கிறய்யா நீ யாவாரி.

தையல் பிரிக்கற வரைக்கும் வாய தொறக்கக் கூடாதாம். டாக்டரம்மா ஆர்டர். ஆனா தும்மல் வந்தா மட்டும் வாய தொறந்து தும்மணுமாம். மூக்கு சிந்தக் கூடாது. பீடி கூடாது. கத்தவே கூடாது. அறுவத்தெட்டு வயசுல இப்பதான் மொத தபா வாய மூடிக்கினு கீறேன். என் பொஞ்சாதி குப்பம்மா தெருவுக்கே முட்டாய் குடுக்கறா. பொண்ணு ரமாபாய் ஒரு பழைய டைரிய தூக்கிப் போட்டு, "நைனா, திட்றதெல்லாம் இதுல திட்டு"ன்னுட்டா. 2004 டைரி. தேதியயும் கெழமையயும் அடிச்சிட்டு எழுதறேன். நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். தப்பு கீதான்னு எவனும் பாக்கத் தேவல.

இன்னா நடந்துச்சுன்னா - எனக்கு மேல் பல்லு ஒண்ணு கூட கெடயாது. கல்மண்டபத்துல மளிகக் கட வெச்சிருக்கற சங்கரநாராயணன் அண்ணாச்சிக்கும் கெடயாது. ரெண்டு பேரும் கழட்டி மாட்ற செட்டு. நான் ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவன், கீழ நிக்கிறவனுக்கு கேக்கணும்னு கத்திக் கத்தி பழக்கம். இப்ப கத்துனா செட்டு பறந்து போயி அண்ணாச்சி பருப்பு மூட்டையில குந்திக்குது. சரி, காலேஜு ஆஸ்பத்திரியில ஸ்க்ரூ போட்டு பல்லு கட்றாங்கன்னு மொதல்ல அவரு போனாரு. "வாரும்வே, நல்லா பாக்காங்க"ன்னு என்னையும் இஸ்துகினு போனாரு.

போனா, மேல் தாடையில எலும்பே இல்லன்றாங்க. "அப்பளம் மாதிரி இருக்கு தாத்தா. ஸ்க்ரூ போட்டா மூக்குப் பக்கம் காத்து நிக்கிற எடத்துக்கு போயிடும். எலும்பு வெச்சி வளக்கணும்." அண்ணாச்சிக்கு ஜனவரியிலயே வெச்சிட்டாங்க. எனக்கு முந்தாநாளு. தாடையில ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ள முட்ட ஜவ்வு மாதிரி ஒண்ணு கீதாம், அத மெதுவா தூக்கி, கீழ எலும்ப அடைக்கறாங்க. அது இன்னான்னு பாத்தா சின்ன பாட்டில்ல வெள்ளையா, ரவ மாதிரி.

வெட்றதுக்கு முன்னால கேட்டேன். "இது இன்னா எலும்பும்மா?"

"மாட்டெலும்பு தாத்தா. வெளிநாட்டுல சுட்டு சுத்தம் பண்ணி வருது. கையெழுத்து போட்ட பேப்பர்ல இருக்கே."

"அப்ப எல்லாருக்கும்?"

"இங்க எல்லாருக்கும் இதே பாட்டில் தான்."

எனக்கு சிரிப்பு தாங்கல. இத்தினி வருசம் நான் அத கடிச்சேன், இனிமே நான் கடிக்க அது தோள் குடுக்குது.

அண்ணாச்சிக்கு இது தெரியாது. கண்ணாடி கொண்டுபோவாம, இங்கிலீஷ் பேப்பர்ல காட்ன எடத்துல கையெழுத்து போட்ட ஆளு. முட்ட கூட துன்னாதவரு. இத சொல்லாம வுட்டா நான் குணசேகரனா? இன்னிக்கு கடைக்கு போயி சீட்டுல எழுதி நீட்டுனேன். "உன் வாயிலயும் என் வாயிலயும் ஒரே மாடு. இனிமே நாம சொந்தக்காரங்க."

தூர வெச்சி ரெண்டு தபா படிச்சாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. அப்பதான் சொன்னாரு அத.

15-6, வியாழன்

உங்காளுக. உங்காளுக. உங்காளுக. கஞ்சி குடிச்சா கூட அதான் தொண்டையில நிக்குது.

16-6, வெள்ளி

சோடாவ பத்தி எழுதணும்.

முப்பது வருசத்துல அண்ணாச்சி எங்க வூட்டுக்கு வந்தது ஒரு இருவது வாட்டி இருக்கும். ரமாபாய் பொறந்தப்ப, எங்கம்மா செத்தப்ப, ரமாபாய் கல்யாணத்தப்ப. ஒவ்வொரு வாட்டியும் வாசல்லயே நிப்பாரு. குப்பு தண்ணி கொண்டாந்தா, "இருக்கட்டும் தாயீ, வயிறு சரியில்ல. ஒரு சோடா மட்டும்"பாரு. நான் முக்குக்கடைக்கு ஓடுவேன். கோலி சோடா. அவரே அமுக்கி ஒடச்சிப்பாரு. கல்யாணத்துல எல பக்கமே வரல, ஒரு வாழப்பழம், தோல அவரே உரிச்சாரு.

நான் அத வெச்சி எவ்ளோ கிண்டல் பண்ணிகீறேன்! "சோடா மாப்ள வந்துட்டாரு"ன்னு. அவரும் சிரிப்பாரு. நானும் சிரிப்பேன். குப்பு மட்டும் சிரிச்சதே இல்ல. இப்ப தான் அது ஞாபகம் வருது.

முப்பது வருசம் வயிறு சரியில்லாம ஒரு மனுசன் உயிரோட இருப்பானாடா, லூசு குணசேகரா?

18-6, ஞாயிறு

அண்ணாச்சி வூட்டம்மா சிவந்தி ஆச்சி வந்தாங்க. அழுதாங்க. "அண்ணே, நாலு நாளா அவிய ஒண்ணும் சாப்பிடல. தண்ணியும் துளசியுந்தான். ஆஸ்பத்திரில போயி தோண்டி எடுங்கன்னு நின்னிருக்காவ. அஞ்சு மாசத்துல அது அவிய எலும்போட ஒட்டி வளந்துட்டாம். எடுத்தா தாடையே போயிரும்னுட்டாவளாம்."

நான் தலையாட்டுனேன். வேற இன்னா பண்றது?

"சர்க்கர வியாதி வேற. நீங்க வந்து, வெளையாட்டுக்கு சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே. நீங்க எப்பவும் கேலி பண்ற ஆளுதான? நம்பிருவாவ."

சீட்டுல எழுதி குடுத்தேன். 'பாக்கறேன்.'

ஆச்சி போனதும் குப்பு புடிச்சிக்கினா. "சொல்லிட்டு வாயேன். ஒரு ஆளு சோறு துன்னாம கெடக்கறான்."

மாட்டேன்டி. நான் பொய்யின்னு சொன்னா இன்னா அர்த்தம்? அவன் வாயில அது இருந்தா அசிங்கம்னு நானே கையெழுத்து போட்றேன்னு அர்த்தம். அப்ப என் வாய் இன்னா? ஞாயித்துக்கிழம நீ ஆக்கற சட்டி இன்னா? இதெல்லாம் எழுதிக் காட்டுனேன். ரெண்டு பக்கம். அவளுக்கு படிக்கத் தெரியாது. கிழிச்சி போட்டேன். பேஜாரு.

20-6, செவ்வாய்

அந்த ஆளாண்ட நான் சொல்லாத பொய்யா? காசிமேட்டுல புள்ளையாரு வலையில மாட்டிகினு வந்துட்டாருன்னு சொல்லி, விடிகாலம் தேங்கா கற்பூரத்தோட அனுப்பி வெச்சேன். மீன் ஏலத்துக்கு நடுவுல மூக்க பொத்திக்கினு நின்னுட்டு வந்தாரு. கோச்சிக்கல. "உம்மைய பெத்தாங்களா, செஞ்சாங்களா வே"ன்னாரு, அவ்ளோ தான். முப்பது வருசப் பொய்ய ஜீரணிச்ச மனுசனுக்கு இந்த ஒரு உண்மை செரிக்கல.

அந்த ஆளு செத்துப் பூட்டா?

சாவட்டும்.

இல்ல. ச்சீ. எழுதிட்டேன், அடிக்கவும் மனசு வரல. இருக்கட்டும்.

21-6, புதன்

கட வழியா போனேன். பாதி ஷட்டர். உள்ள பையன் மட்டும் கீறான். சாயந்தரமானா டொக் டொக்குன்னு சத்தம் வரும், அண்ணாச்சி பல்லு இல்லாததால வெத்தலய சின்ன ஒரல்ல இடிச்சி தான் வாயில போடுவாரு. டாக்டரம்மா வேணாம்னு சொல்லியும் கேக்க மாட்டாரு. ஒரு வாரமா அந்த சத்தம் இல்ல. கன்டெய்னர் லாரி வரிசையா நின்னு ஹாரன் அடிக்குது, அதுல கூட எனக்கு அந்த டொக் டொக் இல்லாதது தான் கேக்குது.

24-6, சனி

தையல் பிரிச்சாச்சு. பேசலாம்னுட்டாங்க. ஆனா கத்தக் கூடாதாம்.

கத்தப் போறேன். பத்து நாளா நெஞ்சுக்குள்ள அடுக்கி வெச்சிருக்கேன், மொத வார்த்தையிலேந்து கடைசி வார்த்த வரைக்கும்.

25-6, ஞாயிறு

போனேன். கட தொறந்திருந்துச்சு. அண்ணாச்சி ஸ்டூல்ல. கன்னம் ரெண்டும் ஒட்டிப் போயி, ஒரல மடியில வெச்சி மெதுவா இடிச்சிகினு. என்ன பாத்து நிறுத்தல.

"யோவ் அண்ணாச்சி. நான் சொன்னது பொய் இல்ல. பொய்யின்னு சொல்லவும் வரல. உன் வூட்டம்மா வந்து கேட்டாங்க, எனக்கு மனசு வரல. நீ துன்னாம கெடந்தா எனக்கும் எறங்கல, அது வேற. ஆனா நீ சொன்னியே, உங்காளுகன்னு. எந்த ஆளுங்கய்யா? வெள்ளத்துல உன் அரிசி மூட்டைய பரண்ல ஏத்துனது எந்த ஆளு? உனக்கு மயக்கம் வந்தப்ப தோள்ல தூக்கினு போனது எந்த ஆளு? அப்ப ஒத்துக்குச்சா என் தோளு? முப்பது வருசம் என் வாசல்ல நின்னு சோடா குடிச்ச. என் பொஞ்சாதி தண்ணிய கையில வெச்சிகினு நிப்பா, நீ சோடா குடிப்ப. நான் சிரிச்சிகினு ஓடிப்போயி வாங்கியாந்தேன் பாரு, அது எனக்கு -"

எழுந்துட்டாரு. இடிச்ச வெத்தலய வாயில போட்டாரு, செருப்ப மாட்டுனாரு, கடைய அப்படியே போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சாரு.

"யோவ், நான் பேசிக்கினே கீறேன்! முடிக்கல!" மொளகா மூட்ட நெடி வேற. தும்மல் வந்துச்சு. வாய தொறந்துகினு தும்மிட்டு நிமிந்து பாக்கறேன், ஆளு அவரு வூட்டு பக்கம் போவல. எங்க சந்துல திரும்பறாரு.

முட்டி வலியோட நான் போய் சேர்றதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு. சந்து முனையில நேருக்கு நேரு. என் மூஞ்சிய பாக்கல. "நாளைக்கு பல்லுக்கு திருகு போடுதாங்களாம். என்னைய வரச் சொல்லியிருக்கு"ன்னு செவுத்த பாத்து சொல்லிட்டு போயிட்டாரு.

வூட்டுல குப்பு நின்னுகினு கீறா. "வாசல்ல நிக்கலய்யா. உள்ள வந்து பாய்ல ஒக்காந்துட்டாரு. தண்ணி குடு தாயீன்னாரு. அண்ணாந்து குடிக்கட்டும்னு சொம்புல குடுத்தேன். டம்ளர்ல குடுன்னாரு."

"ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் இல்ல. குடிச்சாரு, போயிட்டாரு."

டம்ளர எடுத்து பாத்தேன். விளிம்புல வெத்தலச் செவப்பு. வாய் வெச்சி தான் குடிச்சிகீறாரு.

எனக்கு இன்னும் தான் கோவம் வந்துச்சு. "ஒரு டம்ளர் தண்ணி போதுமாடி? முப்பது வருசத்துக்கு? உங்காளுகன்னதுக்கு? ஒரு வார்த்த சொல்ல மாட்டானா? நான் பத்து நாளா வெச்சிருந்ததுல பாதி கூட இன்னும் -"

குப்பு என் கையிலேந்து டம்ளர புடுங்கி, மத்த பாத்திரத்தோட போட்டு எடுத்துகினு கொழாயாண்ட போயிட்டா.