எந்தப் பாதி

ஜப்பானிய ஆண்டு 2604 (1944), ஐப்பசி, வெள்ளிக்கிழமை

இன்று நடந்ததை, எனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் மாற்றாமல், அப்படியே எழுதப்போகிறேன்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் அண்ணனைப் பிடித்துப் போனபின் அவருடைய பௌதிகப் புத்தகத்தை நான் படிக்கிறேன். வரும் ஞாயிறு அண்ணனுக்குக் கருமாதி செய்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அண்ணி அழுதுகொண்டே இருந்தார். அவரைத் தேற்ற, ஜன்னல்களை அடைத்து, அண்ணன் விட்டுப்போன ரேடியம் கடிகாரத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். எண்களின் மேல் பொறிகள் தெறித்தன.

"மின்மினி மாதிரி இருக்குலா!" என்றார்.

உற்சாகத்தில் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு பொறியும் ஓர் அணுவின் சிதைவு. எண்ண எண்ணச் சந்தேகம் குறுகும். பாதி அணுக்கள் சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்று சிறு பிழைக்குள் சொல்லிவிடலாம்.

அண்ணி கண்ணாடியைக் கீழே வைத்தார். "சயாம்லேர்ந்து தப்பிச்சு வந்தவரு, பாதிப் பேரு செத்துட்டாங்கன்னு படகுத்துறையில சொன்னாரே. உங்கண்ணன் எந்தப் பாதி?"

"ஒரே ஓர் அணுவைப் பத்திக் கணக்கு ஒண்ணும் சொல்லாது அண்ணி."

"அப்ப செத்துட்டாருன்னும் சொல்லாதுல்ல?"

"சொல்லாது."

அண்ணி நேரே அப்பாவிடம் போனார். "மாமா, பார்வதி கணக்குப் பாத்துட்டா. காரியம் வேணாம்."

அப்பா என்னைப் பார்த்துவிட்டு, ஐயரை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

தெரியாது என்றுதான் சொன்னேன். உயிரோடிருக்கிறார் என்று சொல்லவில்லை. அண்ணன் இறந்திருந்தால், எள்ளும் தண்ணீரும் இல்லாமல் எங்கே நின்றுகொண்டிருப்பார்? அப்பாவிடம் இதைச் சொல்ல எழுந்தேன். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.