முன் வரிசையில் ஒரு கைக்குட்டை

ஜாலான் புசார், சிங்கப்பூர்
அக்டோபர் 6

அன்பு மகள் சாதியாவுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உம்மாவும் நானும் உடம்பளவில் நலம், மற்றதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். நீ மெல்பர்னுக்குத் திரும்பிப் போய் இறங்கிய செய்தியை உம்மா போனில் பேசும்போது காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். ஒன்பது வருஷமாக உன்னைப் பற்றிய எல்லாச் செய்தியும் எனக்கு அப்படித்தான் வருகிறது, சமையலறைப் பக்கமிருந்து, ஒரு பக்கம் மட்டும் கேட்கிற பேச்சாக. என் எண்ணை உன் போனிலிருந்து நீ அழித்துவிட்டாய் என்று என் மூத்தவன், உன் காக்கா அன்வர் சொன்னான். நான் மறுபடி அதைக் கொடுக்கச் சொல்லவில்லை. முகவரியை உம்மாவிடம் வாங்கிக்கொண்டேன், இதோடு ஒரு பொருளும் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதைப் போனில் அனுப்ப முடியாது.

உம்மாவுக்கு முழங்கால் வலி இருந்துகொண்டேதான் இருக்கிறது, மருந்து எண்ணெய் வாசனை வீடு முழுக்க. எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் எடுக்கிறார்கள். இடது காது முன்பே மந்தம், நீ அறிவாய். அன்வர் மகள் ருக்சாருக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, கணக்கு கடினம் என்று அழுதாளாம். கடையில் வியாபாரம் சுமார், இப்போதெல்லாம் ஆணி வாங்கக்கூடக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பட்டம் வாங்கியவன் திருகாணி எடை போடுகிறேனே என்ற குறை எனக்குப் போகவில்லை, போகவும் போகாது. என் வாப்பா படுக்கையில் விழுந்தபோது கடையைப் பார்க்க என் அண்ணன் வந்திருக்கலாம், வரவில்லை. இதை நான் நூறு தடவை சொல்லி நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பல்கலைக்கழகக் கலை விழாவுக்கு வருகிறேன் என்று நீ எனக்குச் சொல்லவில்லை. விழாவின் கையேட்டை உம்மா சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினோரு நாள் விழா, நடனம், பாட்டு, கண்காட்சி, நடுவில் ஒரு பக்கத்தில் உன் படம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் உன் நாடகம், எழுத்தும் இயக்கமும் சாதியா நெய்னா முகம்மது. என் பெயர் அச்சில் வந்ததைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா. அந்தக் காலத்தில் அதே விழாவில் மூன்றாம் ஆண்டு மாணவனாக நான் எழுதிய நாடகத்துக்கு, என்னோடு படித்த மாசிலாமணி தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு எழுதினோம் என்று ஊரெல்லாம் சொல்வான், எழுதியது நான், குடித்தது அவன். அந்தக் கையேடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இப்போது உன் படத்துக்குக் கீழே பார்த்தால், விழாவின் ஆலோசகர் பேராசிரியர் மாசிலாமணி. கையேட்டை மூடிவிட்டேன்.

பல வருஷம் முன்பு நீ அந்த மாசிலாமணியின் நாடகக் குழுவில் சேர்ந்தாய் என்பதற்காகத்தான் உன் முதல் நாடகத்துக்கு நான் வரவில்லை. நீ கூப்பிட்டாய், இரண்டு தடவை கூப்பிட்டாய். பிறகு கணக்காய்வு வேலையை விட்டுவிட்டு மெல்பர்னுக்கு நாடகம் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது நான் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. கடைப் பலகையில் எழுதியிருப்பதுதான் உனக்கும், வெளியே போன சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்றேன். நீ அழவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு போனாய்.

வெள்ளிக்கிழமை கடையை நாலு மணிக்கே அடைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு ரயிலேறினேன், வளாகத்துக்கு ஒரு நிலையம் முன்பாகவே இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமை வளாகம் வரை போனேன். அரங்குக்கு வெளியே புல்வெளியில் மலாய்ப் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணமிட்டு டிக்கிர் பாராட் பாடிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அதை ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்தேன். பார்த்தேன் என்பது பொய், அரங்கத்துக் கதவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் உம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்வர் வீட்டுக்கு ஆங் மோ கியோ போகிறேன் என்று எனக்குச் சொல்லிவிட்டு, தூக்குச் சட்டியில் வட்டிலப்பத்தோடு கிளம்பியவள். ருக்சாருக்குப் படிக்கத் தெம்பு வேண்டுமாம். நாற்பது முட்டை வட்டிலப்பத்தை ஒரு சின்னப் பிள்ளை தின்னுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, அல்லது கேட்கப் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தேன், சாதியா. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன். நான் வந்தேன்.

விளக்கை அணைக்கும் நேரம் பார்த்து, யார் கண்ணிலும் படக்கூடாது என்று வேண்டுமென்றே தாமதமாக நுழைந்தேன். இலவச அனுமதி, இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம் என்றார்கள், ஆனால் இடமே இல்லை, பின்சுவரை ஒட்டி இரண்டு நாற்காலிதான். வாசலில் நின்ற மாணவி ஒருத்தி, முன் வரிசையில ஒரு சீட் காலியா இருக்கு அங்கிள், யாரோ துணி போட்டு இடம் சோப் பண்ணிட்டு வரவே இல்ல லா, மூணு நாளா அப்படியே இருக்கு, நீங்க போய் உட்காருங்க என்றாள். எட்டிப் பார்த்தேன். முன் வரிசை நடுவில் ஒரு நாற்காலியில் மடித்த துணி ஏதோ கிடந்தது. என் கண்ணுக்குத் துணி என்று தெரிந்ததே பெரிது. அந்தப் பெண்ணிடம், ஒருத்தர் இடம் போட்டு வைத்திருந்தால் அவர் வராவிட்டாலும் நாம் அதில் உட்காரக்கூடாது அம்மா என்று பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். உனக்கு ஆறு வயதில் தேக்கா உணவங்காடியில் யாரோ இடம் பிடிக்க மேசையில் வைத்த டிஷ்யூ பொட்டலத்தை நீ நகர்த்தியபோது எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேனே, அதே வார்த்தை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவிக்கொண்டு ஓடிப் போய் மேசையில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் காவல் நிற்பாய், சாப்பாட்டுத் தட்டோடு நான் வரும்வரை.

பின்சுவரில் சாய்ந்து என் நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தேன். இரும்புக்கடைக்காரர் ஒருவர், அவருடைய மகள். அந்தக் கடைக்காரர் திருகாணியை எண்ணாமல் கையிலேயே எடை பார்த்துச் சொல்லும் இடத்தில் என் உள்ளங்கையும் தானாக விரிந்தது. பலகை வசனம் வந்தபோது அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் உன்மேல் கோபமும் வரவில்லை, நான் சொன்னதைவிட நீ அதை மென்மையாக எழுதியிருந்தாய். கடைசிக் காட்சியில் அந்த மகளாக நீயே மேடைக்கு வந்து, கடையைத் திறந்து வைத்திருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் சும்மா நின்றாய். நாலைந்து விநாடி இருக்கும். வசனம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் காலி நாற்காலிக்காரன் மேலும் ஆத்திரமாக வந்தது, எவனோ பெரிய விருந்தினன், என் மகள் நாடகத்துக்கு மூன்று நாளாக இடம் போட்டுவிட்டு வராமல் இருக்கிறான் என்று. முடிந்ததும் எல்லாரும் எழுந்து தட்டினார்கள், நானும் தட்டினேன். உன்னிடம் வரலாம் என்றுதான் நடந்தேன். வாசலில் மாசிலாமணி நின்று ஒவ்வொருவர் கையாகக் குலுக்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டித்தான் உன்னிடம் வர வேண்டும். பக்கவாட்டுக் கதவு ஒன்று இருந்தது, அதன் வழியாகப் போய்விட்டேன்.

புதன்கிழமை அலமாரியைத் திறந்தால் என் சட்டைகளின் மேல் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை, துவைத்துத் தேய்த்து வைத்திருந்தது. ஓரத்தில் உம்மா சிவப்பு நூலில் தைத்த நெ, என் பெயரின் முதல் எழுத்து. நீ வீட்டைவிட்டுப் போன அந்த வருஷம் காணாமல் போனது. இது எங்கிருந்து வந்தது என்றேன். உம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். சாதியா மூணு நாளும் இத முன் வரிசையில உங்களுக்குப் போட்டு வச்சிருந்தா, காது கேக்காதவர் எங்க போனாலும் முன்னாலதான் உட்காருவார், பார்த்தா அவருக்கே தெரியும், யாரும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, கடைசி நாள் அவளே எடுத்து மடிச்சு, ஏர்போர்ட்ல என் கையில குடுத்து, வாப்பாவோடது, குடுத்துடுங்க, இனிமே எனக்கு வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டா என்றாள்.

மறுநாள் உம்மாவிடம், ஞாயிறு நான் அங்கே இருந்தேன் என்றேன். இத நான் அவகிட்ட சொல்ல மாட்டேன், இத்தனை வருஷம் நடுவுல நின்னது போதும், நீங்களே சொல்லுங்க என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கண் தெரியவில்லை என்று நான் சாக்குச் சொல்லலாம். தாமதமாக வராமல், அந்தப் பெண் சொன்னபடி கேட்டு, மாசிலாமணி நின்ற வாசல் வழியாகவே வெளியே வந்திருந்தால் கண்ணே தேவைப்பட்டிருக்காது. நாற்பது வருஷத்துக் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன், அதற்கு நீ விலை கொடுத்துவிட்டாய். நீ மேடையில் வசனம் மறந்து நிற்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்பதும்.

அங்கே குளிர் இன்னும் போகவில்லை என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, நம் வீட்டுக் காது பலமில்லாத காது. வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, உம்மாவுக்காவது தவறாமல் போன் செய். அல்லாஹ் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்து, உன் கை தொட்டதை எல்லாம் பரக்கத்தாக ஆக்கித் தருவானாக.

கைக்குட்டையை இதற்குள் வைத்திருக்கிறேன், எனக்குத் திருப்பி அனுப்பாதே. அடுத்து எந்த ஊரில் மேடை ஏறினாலும் முன் வரிசையில் போட்டு வை. வாசலில் யார் நின்றாலும் வந்து அதை எடுத்துவிட்டு உட்காருவேன்.

உன் வாப்பா,
நெய்னா முகம்மது