பின்னோக்கி நடந்து எல்லை கடந்த தண்டநாயகர்

வளம் நிறைக, வழி தெளிக.

செங்கரட்டு மலை ஏழும் ஆள்பவரும், மயில் முத்திரைக்கு உரியவருமான அரசி நங்கைவேளாரின் ஆணைப்படி, ஆம்பல்துறை நாட்டின் பெருங்குடை மன்னர் நன்னிமாறர் திருமுன்பு விடுத்த ஓலை. மன்னர் நலமா, பட்டத்தரசி நலமா, சென்ற ஆண்டு இங்கிருந்து அனுப்பிய பலாக்கன்றுகள் வேர்பிடித்தனவா என்று அரசியார் வினவுகிறார். இந்நாட்டில் மழைக்குக் குறைவில்லை, விளைச்சலுக்குக் குறைவில்லை. தண்டநாயகர் ஒருவர்தான் குறைகிறார். அவர் தங்கள் சிறையில் இருக்கிறார்.

தங்கள் திருமுகம் வந்து சேர்ந்தது. செங்கரட்டின் முன்னாள் தண்டநாயகர் பொறையனார், நரைத்த வீரர் எழுவருடன் எல்லையோடை கடந்து படையெடுத்து வந்தார் என்றும், கோட்டையைப் பிடிக்கவே வந்ததாகத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார் என்றும், வரும் பௌர்ணமிக்குள் தக்க மறுமொழி வாராவிடில் அவர் தலை தப்பாது என்றும் அதில் கண்டிருந்தது. அதைக் கேட்டு அரசியார் அழுதார். உடன் வந்த ஒப்புதல் ஓலையைத் தனியறைக்கு எடுத்துச் சென்று படித்தபின் சிரித்தார். இரண்டுக்கும் காரணம் சொல்லவே இவ்வோலை.

அறுவடை முடிந்ததும் செங்கரட்டில் கற்குறி ஓட்டம் நடப்பதை மன்னர் அறிவார். காட்டில் ஆங்காங்கே செவ்வண்ணம் பூசிய கற்களை நட்டு, அவை இருக்கும் இடங்களைத் துணியில் படமாக எழுதி, ஓடுவோர் கையில் கொடுப்பார்கள். படம் பார்த்து வழி தேர்ந்து, எல்லாக் கற்களையும் தொட்டு முதலில் திரும்புபவருக்கு மாலை. இளைஞருக்கு ஓர் ஓட்டம், அறுபது கடந்தோருக்கு ஓர் ஓட்டம். ஆனால் படம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஒரு கூப்பிடு தூரத்தை ஒரு விரற்கடைக்குள் அடக்கிய படம் அது. படமெழுதுவோர் தலைவர் எயினனாரோ, மயிரிழையும் தடிப்பென்று முகம் சுளிப்பவர். இளங்கண்ணுக்கு அவர் எழுத்து விருந்து. முதிர்ந்த கண்ணுக்கு எறும்பு ஊர்ந்த துணி.

பொறையனாருக்குத் தொலைவிலுள்ளது நன்றாகவே தெரியும். மலையுச்சியில் மேயும் ஆடு சினையா இல்லையா என்றுகூடச் சொல்வார். கையில் இருப்பதுதான் தெரியாது. இதை அறிந்தவர் அவர் மனையாட்டி கோதையார் ஒருவரே. தயிர்ச் சாடிக்கும் சுண்ணாம்புச் சாடிக்கும் வேற்றுமை தெரியாமல் சோற்றில் சுண்ணாம்பு பிசைந்த மனிதர் காட்டில் கல்லையா கண்டுபிடிப்பார், வேண்டாம் என்றால் கேட்டாரா என்று அந்த அம்மையார் அரசியார் முன் தலையில் அடித்துக்கொண்டு முறையிட்டார்.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். இவ்வாண்டு முதியோர் ஓட்டத்தில் ஓடைக்கரையில் நின்று பொறையனார் படத்தை விரித்தார், ஒன்றும் விளங்கவில்லை. கையை நீட்டினார், சற்றுத் தெளிந்தது. இன்னும் நீட்டினார், கை முடிந்துவிட்டது. உடன் வந்த எழுவரும் தம் படங்களை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்டநாயகர் இருக்க நமக்கென்ன கவலை என்று அவர் முகத்தையே பார்த்து நின்றார்கள். தமக்கும் தெரியவில்லை என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பொறையனார் படத்தை ஒரு முட்புதரில் மாட்டிவிட்டு, அதைப் பார்த்தபடியே பின்னோக்கி அடி வைத்தார். தடம் தெரிந்தது. இன்னும் பின்வாங்கினார், கற்கள் தெரிந்தன. எல்லைக்கோடு துலக்கமாகத் தெரிந்தபோது அவர் ஓடையைக் கடந்து தங்கள் மண்ணில் நின்றுகொண்டிருந்தார். தலைவர் செய்வதைச் செய்வது படைமரபு ஆதலால், எழுவரும் பின்னோக்கியே நடந்து ஓடையில் இறங்கி ஏறினார்கள்.

தேடிப் போனவர்கள் கண்டது புதரில் தொங்கிய படத்தையும், குதிகால்கள் ஆம்பல்துறையை நோக்கிய சுவடுகளையும்தான். வாழ்நாளெல்லாம் புறமுதுகு காட்டாதவர் தங்கள் நாட்டுக்கு முதுகைத்தான் முதலில் காட்டினார். எந்தப் படையெடுப்பும் அப்படி நடந்ததாக வரலாறு இல்லை.

பின் ஏன் ஒப்புக்கொண்டார் என்று மன்னர் கேட்கலாம். தலை போனாலும் போகட்டும், கண் போனது ஊருக்குத் தெரியக்கூடாது என்ற வீம்புதான். தம்மைக் குழந்தைப் பருவத்தில் தோளில் சுமந்து காடு காட்டியவர், படம் தெரியவில்லை என்று சொல்ல நாணி உயிரைக் கொடுக்கத் துணிந்தாரே என்றுதான் அரசியார் அழுதார். அந்த நாணத்தில் பாதி, எல்லாருக்கும் ஒரே படம் போதும் என்று இருந்த அரசின் குற்றம்.

ஆகவே படத்தைப் பெரிதாக்க ஆணை பிறந்தது. எயினனார் இருமடங்கு துணியுடன் மகிழ்ந்து வந்தார். இடம் கிடைத்ததே என்று, விட்டுப்போன புற்றுகளையும் எலிவளைகளையும் ஒன்று விடாமல் அதில் நிரப்பியிருந்தார். எழுத்து பழைய எள்ளளவிலேயே இருந்தது. அரசியார் அவர் மென்கோலைப் பறித்துக்கொண்டு, தேருக்கு வண்ணம் தீட்டும் கோலைக் கையில் கொடுத்தார். ஒரு கூப்பிடுக்கு இரண்டு விரற்கடை, கோடும் குறியும் அதே அளவுக்குத் தடிக்க வேண்டும், புதிதாக ஒரு புற்றும் முளைக்கக் கூடாது என்பது கட்டளை. அதற்குத் தண்டநாயகப் படம் என்று பெயரிட்டார்கள். பெயரைக் கேட்டதும் இளைஞர்களும் தமக்கும் வேண்டுமென்று நச்சரிக்கிறார்கள்.

மன்னரிடம் வேண்டுவது ஒன்றே. பொறையனாரிடம் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லலாகாது. அவர் போரில் தோற்றார் என்றும், இனி எந்த ஓட்டத்திலும் அப்பெரிய படத்தையே ஏந்த வேண்டும் என்பது தோற்றவர்க்கு ஆம்பல்துறை விதித்த நிபந்தனை என்றும் அறிவித்தால் போதும். உடன்படிக்கையை அவர் மீறமாட்டார்.

இனி அந்த ஒப்புதல் ஓலை. தங்கள் இளம் எழுத்தர் குறும்புக்காரர் போலும். எண்ணாயிரம் யானைகளுடன் ஓடை கடந்ததாகப் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். செங்கரட்டில் உள்ளவை பதினொரு யானைகள், அவற்றில் ஒன்று நொண்டி. பொறையனார் அதைப் படிப்பதுபோல் பாவனை செய்து மோதிரம் பதித்திருக்கிறார், அதில் வியப்பில்லை. அதற்குக் கீழே, முற்றும் படித்து ஏற்றோம் என்று மன்னரின் அன்ன முத்திரையும் இருக்கிறது. தாமே சொல்லி எழுதுவித்த திருமுகமோ புளியங்கொட்டை அளவு எழுத்தில், இருவர் சுமந்து வரும் கட்டாக வந்தது. அரசியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவையோருக்கு இன்னும் விளங்கவில்லை. பௌர்ணமி வரை விளங்காமலே இருக்கும்.

ஆதலின் எண்மரையும் விருந்தளித்து, முகம் முன்னோக்க நடத்தி அனுப்பிவைக்க. மன்னருக்கென்று ஒரு தண்டநாயகப் படம் இத்துடன் வருகிறது. அடுத்த ஓட்டத்தில் பொறையனாரோடு போட்டியிட்டு ஓட அழைப்பும் அதிலேயே உண்டு. ஓடை ஓடும் நாள்வரை நட்பும் ஓடுக.

இப்படிக்கு மயில் முத்திரை. வழக்கத்தினும் பெரிதாக இட்டிருக்கிறோம்; கையை நீட்டிப் பிடித்தால் மன்னருக்கு நன்றாகவே தெரியும்.