கண்ணாடிச் சக்களத்தி

குவைத்,
சனிக்கிழமை

என் அன்பிற்குரிய அபூ நாயிஃப் அவர்களுக்கு,

இறைவனின் சாந்தி உங்கள் மீதும், மியூனிக்கில் உங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் உங்கள் அக்கா பத்ரியா மீதும் உண்டாகட்டும். நான் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். போனில் கூப்பிட்டால் நீங்கள் பேசுவதில்லை. அக்காதான் எடுக்கிறார். "இப்பத்தான் கண்ணசந்தான் லுல்வா, அப்புறம் கூப்பிடும்மா" என்கிறார். இத்தனை வருடம் உங்கள் பக்கத்தில் படுத்தவளுக்கு நீங்கள் தூங்கும்போது விடுகிற மூச்சு எப்படியிருக்கும் என்று தெரியாதா? போனுக்குப் பக்கத்திலேயே விழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் வாய் குழறுவதை நான் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதானே? கடிதத்துக்கு வாய் வேண்டாம். நம் ஊர்க்காரர்கள்தான் அந்த மருத்துவமனைக்கு வாரச் சந்தைக்குப் போவது போலப் போய் வருகிறார்களே, யார் கையிலாவது கொடுத்துவிடுகிறேன்.

பெரிய மருத்துவர் என்ன சொன்னார் என்பதை அக்கா என்னிடம் மறைக்கவில்லை. இனி உங்களுக்கு வேண்டியது பயிற்சி மட்டும்தானாம், அதை வீட்டிலேயே செய்யலாமாம். நீங்கள்தான் வரமாட்டேன் என்கிறீர்களாம். வலது கை தூக்க முடியாமல், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஆண்கள் கூடுகிற திவானியா அறையில் நண்பர்கள் நடுவே எப்படி உட்காருவது என்று கேட்டீர்களாம். திவானியாவை இழுத்து மூடு, அங்கிருக்கிற மீன் தொட்டியை உடைத்துப் போடு என்று உங்கள் தம்பி பர்ராக்குக்குச் சொல்லியனுப்பினீர்களாம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

பர்ராக் போன வாரம் ஆட்களையும் சுத்தியலையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் திவானியா வாசலில் நின்றேன். "அண்ணி, வழிய விடுங்க, அண்ணன் சொன்னதத்தான் செய்யறேன்" என்றான். "உங்க அண்ணன் வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும், அப்ப நானே சுத்தியல எடுத்துத் தரேன்" என்றேன். ஆட்களுக்கு மச்பூஸ் சோறு போட்டு அனுப்பிவிட்டேன். சாப்பிட்டவன் சுத்தியல் எடுக்க மாட்டான்.

நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். மற்றப் பெண்களெல்லாம் புருஷன் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிடுவானோ என்று பயப்படுவார்கள். எனக்கு வந்த சக்களத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்ததைவிட அவள் முன்னால் நின்ற நேரம்தான் உங்களுக்கு அதிகம். அவள் செத்தபோது நான் இனிப்பு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நாற்றமடிக்கிற அந்தத் தண்ணீரைப் பார்த்து நின்றபோது அழுகைதான் வந்தது. உங்களை ஆம்புலன்சில் ஏற்றிய அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

எப்படிச் செத்தாள் என்று உங்களிடம் யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் நண்பர்கள் ஒருநாள் தவறாமல் வந்தார்கள். வீட்டுக்காரன் இல்லாத வீட்டில் அவனுடைய மீன்கள் பட்டினி கிடக்கக் கூடாதே! ஹமூத் வந்ததும் ஒரு சிட்டிகை தீனி போட்டிருக்கிறார். அவர் போட்டது தெரியாமல் அடுத்தவர் ஒரு சிட்டிகை. காபி குடிக்க வந்தவர், சீட்டாட வந்தவர், உங்களைப் பற்றி விசாரிக்க வந்தவர் என்று ஆளுக்கொரு சிட்டிகை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. தின்னாத தீனி அழுகித் தண்ணீரே விஷமாகிவிட்டது. உங்கள் ஊதா மீன் முதலில் போனது, பிறகு எல்லாமும். கதவுக்குப் பின்னால் நின்று ஹமூதைக் கேட்டேன். "அல்லாஹ் மேல சத்தியமா நான் ஒரே ஒரு சிட்டிகைதான் போட்டேன் தங்கச்சி" என்று அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை எப்படித் திட்டுவது? விருந்தோம்பியே கொன்றுவிட்டார்கள்.

தொட்டிக்குள் இருந்த பாறைகளைக் கடலில் கொட்டப் போனார்கள். நான் விடவில்லை. சேமிப்பு அறையில் பிளாஸ்டிக் தொட்டிகளில் அவற்றைப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, சின்ன மோட்டார் போட்டு வைத்திருக்கிறேன். தொட்டியை மறுபடி உயிர்ப்பிக்கப் போகிறேன். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, அதனால் எதையாவது செய்கிறேன்.

மாத்திரையை நாக்கடியில் ஒளித்து வைத்துத் துப்பாதீர்கள். அக்கா சொல்லிவிட்டார்.

உங்கள்,
லுல்வா


குவைத்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அபூ நாயிஃப் அவர்களுக்கு,

சாந்தி உண்டாகட்டும். இங்கே வெயில் குறைந்துவிட்டது, கூடாரம் போடுகிறவர்கள் பாலைவனத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். உங்கள் மகன் நாயிஃப் வெள்ளிக்கிழமைகளில் வருகிறான், சாப்பிடுகிறான், "உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்கிறான், போகிறான்.

தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது! மணலைக் கழுவிப் போட்டு, வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, பாறைகளைத் திரும்ப அடுக்கினோம். நான் திவானியாவுக்குள் இருந்தால் உங்கள் நண்பர்கள் உள்ளே வர மாட்டார்கள் அல்லவா? அவர்கள் முற்றத்தில் நின்று உப்பைக் கரைத்துக் கொடுக்க, பர்ராக் வாளி வாளியாக உள்ளே கொண்டுவந்து ஊற்றினான். சுத்தியலோடு வந்த அதே பர்ராக். ஹமூத் வெளியிலிருந்து, "அம்பது வருஷத்துல என் பொண்டாட்டிக்குக்கூட ஒரு வாளி தண்ணி தூக்கினதில்ல, இந்த மிஷாரியோட மீனுக்குத் தூக்கறேன் பாரு" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

வேலை முடிந்ததும் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், நான் வீட்டுப் பக்கம் போய்விடுகிறேன் என்றும் சொன்னேன். கேட்கவில்லை. வீட்டுக்காரன் மூடச் சொன்ன திவானியாவில் உட்கார மாட்டார்களாம். மதிலுக்கு வெளியே நாற்காலி போட்டுத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் துக்க வீடோ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

உங்களுக்கு எப்படித்தான் அவ்வளவு பொறுமை இருந்தது? சோதனைக் குழாயில் மருந்தைச் சொட்டினால் பச்சை நிறம். பச்சை என்றால் தண்ணீரில் இன்னும் விஷம் இருக்கிறது. மறுநாளும் பச்சை. தொட்டி மீன் விற்கிற கடைக்காரர், "தண்ணி பழுக்கணும் அம்மா, ரெண்டு மூணு வாரம் பேசாம இருங்க" என்கிறார். நானா பேசாமல் இருப்பது? காலையில் ஒரு சோதனை, தொழுதுவிட்டு ஒரு சோதனை, குழம்பு கொதிக்கும்போது ஒரு சோதனை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்று மற்றவர்களுக்குச் சொல்ல மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கூத்தும் நடந்தது. வியாழக்கிழமை மாலை, பழைய நாற்றம் போகட்டும் என்று திவானியாவில் நல்ல வாசனை ஊதுக்கட்டையாகப் பார்த்துக் கணப்புச் சட்டியில் போட்டு, மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினேன். நம் வீட்டில் எல்லா வியாழனும் செய்வதுதானே? தொட்டி அழுக்கை நுரையாக வெளியே எடுக்கும் உங்கள் இயந்திரம் அறையிலிருந்துதான் காற்றை இழுக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? அத்தனை புகையையும் குடித்துவிட்டது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், நுரை சுத்தமாக நின்றுபோனது. பர்ராக் மோந்து பார்த்துவிட்டு, "குவைத்துலயே கல்யாணத்துக்கு ரெடியா இருக்கற கடல் நம்மளுதுதான் அண்ணி" என்றான். பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியதாகிவிட்டது. கணப்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இப்போது வந்து எழுதுகிறேன்.

தொட்டியிலிருந்து சத்தம் வருகிறது. நேற்று மதியம் முதன்முதலில் கேட்டேன். "டிக்" என்று, தடித்த கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. திரும்பி வந்தால் மறுபடி. இன்றும் கேட்கிறது. பர்ராக் விளக்கடித்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்தான். கண்ணாடிகளை ஒட்டிய இடங்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும், "இது வெடிச்சா வீடு கடலாயிரும், ராத்திரிக்குள்ள தண்ணிய எறக்கிரலாம் அண்ணி. அண்ணன் சொன்னப்பவே ஒடச்சிருக்கணும்" என்கிறான். தண்ணீரை இறக்கினால் இதுவரை பழுத்ததெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. தொட்டி போனால் நீங்களும் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்று என் மனதில் பதிந்துவிட்டது. பைத்தியக்கார எண்ணம்தான். போக மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பப் போகிறேன். நீங்கள் பேச வேண்டாம். உடைக்க வேண்டுமென்றால் தலையை ஆட்டுங்கள், அக்கா சொல்வார்.

உங்கள்,
லுல்வா


குவைத்,
வெள்ளிக்கிழமை

என் உயிரினும் மேலான மிஷாரிக்கு,

இறைவனின் சாந்தி உண்டாகட்டும். போனில் பேசியதையே எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்றுமே சொல்லவில்லையே, அழத்தானே செய்தேன்?

அக்கா பெயர் திரையில் வந்ததும், உடைக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பர்ராக் கையில் குழாயோடு நின்றுகொண்டிருந்தான். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நீங்கள் பேசினீர்கள். ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளித் தள்ளி, நடுநடுவே கோபப்பட்டு, மறுபடி தொடங்கி. "கண்ணாடி இல்ல... லுல்வா. இறால். துப்பாக்கி... இறால். தண்ணிய... எறக்காத." பின்னால் அக்கா, "அடப்பாவி, நாலு மாசமா என்கிட்ட தண்ணி வேணும்னுகூட வாயத் தொறந்து கேக்கல, இறாலுக்கு வாய் தொறக்குது பாரு!" என்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்கு நீங்கள் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு கொஞ்சமும் குழறவில்லை. பழைய சிரிப்பேதான்.

பாறை இடுக்கில் இருந்துகொண்டு அது ஒரு கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம்! எல்லாம் செத்துவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்கள், நானும் நம்பினேன். அத்தனை விஷத்திலும், அந்த இருட்டு அறையிலும் அது உயிரோடு இருந்திருக்கிறது. போனை வைத்ததும் பர்ராக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப் போய்ச் சொன்னான். "என் சிட்டிகைக்குத் தப்பி ஒண்ணு பொழச்சுக்கிச்சு!" என்று ஹமூத் தெருவென்றும் பாராமல் நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தார்.

அன்றிலிருந்து இந்தப் பத்து நாளும் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். சக்களத்தியோடு சமாதானமாகிவிட்டேன். பாறைக்கு அடியில் ஒரு வளை தெரிகிறது. உள்ளிருந்து சத்தம் வருகிறது, ஆனால் அது வெளியே தலை காட்டுவதில்லை. ஏன் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். எவ்வளவு நேரமெடுத்துச் சொன்னீர்கள், ஒரு சொல்லையும் நான் விடவில்லை. அதற்குக் கண் சரியாகத் தெரியாதாம். வாசலில் ஒரு சின்ன மீன் காவல் நிற்குமாம். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையை அந்த மீன் மேல் வைத்துக்கொண்டேதான் வருமாம். மீன் அசைந்தால் உள்ளே போய்விடுமாம். அந்த மீன் மற்றவற்றோடு போய்விட்டது. அதைச் சொன்னதோடு நீங்கள் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டீர்கள்.

இன்று காலை சோதனைக் குழாயில் பச்சை இல்லை. தெளிந்த மஞ்சள். இரண்டு தரம் பார்த்தேன், பர்ராக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் பழுத்துவிட்டது. கடைக்காரரும் அந்தக் காவல் மீன் இருக்கிறது, இன்றே கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். நானா வேண்டாம் என்றேன் என்று எனக்கே நம்பிக்கையில்லை. அதை நீங்கள் வந்து பொறுக்கி எடுக்க வேண்டும், நீங்கள்தான் தண்ணீரில் விட வேண்டும். இடது கை போதும். தீனி டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்திருக்கிறேன்.

உங்கள் நண்பர்கள் இன்னும் தெருவில்தான் இருக்கிறார்கள். இரவில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஹமூதுக்கு இருமல். "அவன் வாய் கோணி வந்தா என்ன, என் வாய் எப்ப நேரா இருந்துச்சு? வரச் சொல்லு தங்கச்சி" என்றார்.

இறைவன் உங்கள் காலுக்குப் பலமும் என் மனதுக்குப் பொறுமையும் தரட்டும். வலது கைக்கு இன்னும் உணர்வு வரவில்லை என்று அக்கா சொன்னார். நீங்கள் வந்து இறங்குகிற அன்று விமான நிலையத்தில் வாசலுக்கு நேராக நான் நிற்பேன். அந்தக் கையைத் தூக்கி என் தோள் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் முன்னால் நடக்கிறேன், நீங்கள் வெளியே வாருங்கள்.

என்றும் உங்கள்,
லுல்வா