ஆறாம் நம்பர் பிரஸ்ஸின் வலது பட்டன்

பிப்ரவரி 9
மாணவியர் விடுதி

மதிப்புக்குரிய ஆறாம் நம்பர் அக்காவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்க வாய் வரவில்லை. வலது கையில் மூன்று விரல் போனவரிடம் நலம் விசாரித்தால் என்னைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சனிக்கிழமை மதியம் நீங்கள் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும்போது டூல் பையோடு உள்ளே வருவேனே, எண்ணெய்க் கறை பிடித்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு, அந்த ஒல்லிப் பெண். கொண்டையில் டெஸ்டரைக் குத்தி வைத்திருப்பதால் எல்லோரும் என்னை டெஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். ஒருநாள் நீங்கள்கூட, "ஏய் டெஸ்டர், தலைல கரண்ட் வருதான்னு பாக்கறியா?" என்று கேட்டீர்கள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் நாம் பேசியதில்லை. அதனால் முறையாக என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லி முடித்தால்தான் அடுத்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும்.

பாலிடெக்னிக்கில் மின்னியல், இரண்டாம் ஆண்டு. காலையில் வகுப்பு, மதியம் ஆய்வகம். மோட்டாரைப் பிரித்து மறுபடி சுற்றுவது, பேனலுக்கு வயர் இழுப்பது, ரிலே மாட்டுவது. கணக்கில் நான் சுமார்தான். ஆனால் பேனலைத் திறந்தால் கை தானாக ஓடும். வாலிபால் அணியில் இருக்கிறேன், பெரும்பாலும் பெஞ்சில். கல்லூரி விழாவென்றால் மேடை விளக்கு முழுக்க எங்கள் கூட்டம்தான். இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் மின்பாதுகாப்பு மன்றத்துக்கு நான்தான் செயலாளர். போன மாதம் முதலாண்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, பாதுகாப்புச் சுவிட்சை ஒருபோதும் ஏமாற்றக் கூடாது என்று அரைமணி நேரம் முழங்கினேன். கைதட்டினார்கள்.

உங்கள் கம்பெனியில் சனிக்கிழமை மதியமும் ஞாயிறும் எனக்குப் பகுதிநேர வேலை. மெஷின் நிற்கும் நேரத்தில் பராமரிப்பு சாருக்கு எடுபிடி. படிப்புக்கு இந்தப் பயிற்சி கட்டாயம், கடைசியில் அவர் சான்றிதழ் தந்தால்தான் டிப்ளமோ.

ஜனவரி கடைசி ஞாயிறு அன்று ஆறாம் நம்பர் பிரஸ்ஸின் வலது பட்டன் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்கவில்லை. எல்லோரும் வலது கையால் ஓங்கி அழுத்துவதால் அதுதான் எப்போதும் முதலில் தேயும். உங்களுக்குத் தெரியாததா, இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. ஸ்டோரில் புதுப் பட்டன் இல்லை. சார் சொன்னார்: "காலைல மெஷின் ஓடியாகணும். வலது பட்டனுக்கு ஒரு துண்டு வயர் போட்டு நேரா இணைச்சு விட்டுடு. செவ்வாக்கிழமை பட்டன் வந்துரும். உன் கை சின்னது, உள்ள ஈஸியா போகும்."

போட்டேன் அக்கா. போட்டது நான்தான்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி சிவப்பு அட்டையில், 'வலது பட்டன் நேரடியாக இணைக்கப்பட்டுள்ளது, கவனம்' என்றும் எழுதினேன். அதை வெளியே மாட்டப் போனபோது, "நாளைக்குப் பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க, இது தொங்கினா அசிங்கம், உள்ள மாட்டு" என்றார். பேனலுக்குள் மாட்டிக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவைத் திறப்பது அவரும் நானும் மட்டும்தான். இனி இடது பட்டன் ஒன்றை அழுத்தினாலே பிரஸ் இறங்கிவிடும் என்ற விஷயம் எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிய வேண்டியவர் நீங்கள்.

நீங்கள் எல்லோரும் இடது கையைப் பட்டனிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு வலது கையால் தகட்டைச் சரிசெய்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எத்தனையோ சனிக்கிழமை, ஷிஃப்ட் முடியும் முன்பே வந்து நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அது என் மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் கல்லூரியிலிருந்தபோது செய்தி வந்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் வெளியே தெரிந்தால் என் படிப்பு போய்விடும். ஆஸ்பத்திரியில் துணி மடித்து என்னைப் படிக்க வைக்கும் அம்மா தாங்கமாட்டாள். தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட இல்லாத,
டெஸ்டர்

பிப்ரவரி 16

டெஸ்டர் பொண்ணுக்கு,

எழுதுவது என் வீட்டுக்காரர், சொல்வது நான். உன் கடிதத்தை இவர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். முதல் தடவை பாதியிலேயே எழுந்து போய்விட்டார். (தண்ணீர் குடிக்கப் போனேன். — வீட்டுக்காரர்)

உண்மையைச் சொல்கிறேன். கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. பதினோரு வருஷமாக அந்த மெஷினில் நிற்கிறேன். திங்கட்கிழமை முதல் தகடு. இடது கை பட்டனில், வலது கை தகட்டில். நான் வலது பட்டனைத் தொடவே இல்லை, அது பாட்டுக்கு இறங்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன், மேனேஜரிடம் சொன்னேன், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "அதிர்ச்சில அப்படித்தான் தோணும்மா" என்றார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்று உன் கடிதம்தான் சொன்னது.

கோபம் மறுநாள் வந்தது. நன்றாகவே வந்தது. அதை இங்கே எழுதச் சொன்னால் இவர் இன்னும் நாலு சேர்த்து எழுதுவார், அதனால் விட்டுவிடுகிறேன். (சேர்ப்பேன்.)

கம்பெனி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது தெரியுமா? உருப்படி அதிகம் காட்டிப் பேர் வாங்க நானே வயரைச் சொருகிக்கொண்டேனாம். எனக்கு வயரில் எது தலை எது வால் என்றுகூடத் தெரியாது. வீட்டில் பல்பு மாட்டுவதே இவர்தான். (இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.) அப்படி எழுதிவிட்டால் நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. அதைவிட, நாளைக்கு அந்தக் கொட்டகையில் பேராசையில் கையை விட்டவள் என்று என்னைச் சொல்வார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் தலையை இவர்தான் பின்னி விடுகிறார். பெயிண்டர் கை, சுவரைச் சுரண்டுவது போலத்தான் சீப்பைப் போடுகிறார். இப்படித்தான் போகிறது பொழுது.

நீ சின்னப் பெண். உன்னைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டிரு என்று என்னிடம் கேட்கிறாயே, அது என்ன நியாயம்? மார்ச் 5, காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. நீ வா. போட்டது யார், போடச் சொன்னது யார், இரண்டே வார்த்தை. உன்னை நான் கடித்துத் தின்னமாட்டேன்.

இப்படிக்கு,
ஆறாம் நம்பர்

பிப்ரவரி 24
மாணவியர் விடுதி

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், பிறகு சிரித்ததற்காக அழுதேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் திட்டுவதை எழுதியே அனுப்பியிருக்கலாம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பயிற்சி டைரி என்று ஒன்று உண்டு. அன்றன்று செய்த வேலையை எழுதி, வாரம் ஒருமுறை சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எழுதினேன். 'ஆறாம் எண் பிரஸ், வலது பட்டன் வயர் மூலம் நேர் இணைப்பு, மேற்பார்வையாளர் சொன்னபடி.' படம்கூடப் போட்டிருக்கிறேன். அவர் வழக்கம்போலப் படிக்காமலேயே அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது.

போன சனிக்கிழமை அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டு ஒரு புது டைரியைக் கொடுத்தார். எல்லாப் பக்கத்திலும் முன்னாடியே கையெழுத்து. "முதல்லேர்ந்து அழகா திருப்பி எழுதிடு. அந்த ஞாயித்துக்கிழமை லீவுன்னு போடு. பழசை எங்கிட்ட குடுத்துடு. அந்தச் சிவப்பு அட்டையை அன்னிக்கே எடுத்துட்டேன்" என்றார். பழையது விடுதியில் இருக்கிறது என்றேன். "வயர் போட்டது உன் கை. நான் போனா நீ எங்க இருப்பே, யோசிச்சியா? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். கடைசியில் அவர் குரலும் உடைந்துவிட்டது. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

இன்னும் எழுதவில்லை அக்கா. புது டைரி தலையணைக்கு அடியில், பழையது பெட்டியில். அறைத்தோழி நான் காதல் கடிதம் ஒளிக்கிறேன் என்று கிண்டல் செய்கிறாள். மன்றத்திலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன், ஏன் என்று கேட்டார்கள், படிப்புச் சுமை என்றேன்.

ஐந்தாம் தேதி பழைய டைரியோடு வருகிறேன். சத்தியமாக வருகிறேன்.

உங்கள்,
டெஸ்டர்

மார்ச் 6
மாணவியர் விடுதி

அக்கா,

நான் வந்தேன். நம்பமாட்டீர்கள், ஆனால் வந்தேன். ஒன்பதே முக்காலுக்கு அந்த ஆபீஸ் வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கம்பிக் கதவு வழியாக உங்களைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தீர்கள். அத்தான் ஆரஞ்சுப் பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையாகத் தந்துகொண்டிருந்தார். நீங்கள் என்னமோ சொன்னீர்கள், அவர் சிரித்தார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எப்படியும் வந்து பயனில்லை. என் கையில் டைரி இல்லை. அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தேதி சார் விடுதிக்கே வந்தார், கூடவே எங்கள் துறைத் தலைவர். பார்வையாளர் அறையில் அம்மாவும் இருந்தாள், அவளை அவர்கள்தான் வரவழைத்திருந்தார்கள். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. "உங்க பொண்ணோட சான்றிதழ் விஷயமா ஒரு சின்னச் சிக்கல்" என்று மட்டும் சொன்னார்கள். அம்மா எழுந்து நின்று அவர்களைக் கும்பிட்டாள். எதற்கென்றே தெரியாமல் கும்பிட்டாள் அக்கா. நான் மாடிக்கு ஓடிப் போய்ப் பழைய டைரியை எடுத்து வந்து கொடுத்துவிட்டேன்.

புது டைரியையும் எழுதி முடித்து நேற்று ஒப்படைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறை என்று எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை, அதை நினைத்தால்தான் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணையில் என்ன ஆயிற்று? ஒரு வரி எழுதுங்கள்.

டெஸ்டர்

மார்ச் 15
மாணவியர் விடுதி

அக்கா,

பதில் இல்லை. தினமும் வார்டன் மேஜையில் போய்ப் பார்க்கிறேன். திட்டியாவது எழுதுங்கள். அத்தானையாவது திட்டி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆய்வகத்தில் நேற்று ஒரு சாதாரண ஸ்டார்ட்டரை மாட்டச் சொன்னார்கள். கையை உள்ளே விட முடியாமல் நின்றுவிட்டேன். வாத்தியார் காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் என்ன செய்தால் உங்கள் மனம் ஆறும்? வீட்டு வேலை செய்யட்டுமா? ஞாயிற்றுக்கிழமை வந்து தலை பின்னி விடட்டுமா? எதை வேண்டுமானாலும் கேளுங்கள், செய்கிறேன். அந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்.

டெஸ்டர்

மார்ச் 22

டெஸ்டர் பொண்ணுக்கு,

நடுவில் எதுவும் சேர்க்கமாட்டேன் என்று இவர் இந்தத் தடவை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் தேதி நடந்ததைக் கேட்டாய். உங்கள் பராமரிப்பு சார் வந்திருந்தார். அதிகாரி அவரிடம், அந்த வாரம் பராமரிப்பு ஆட்கள் யாராவது பேனலைத் திறந்தார்களா என்று கேட்டார். "இல்ல சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரும் மாணவியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது கூட்டித் துடைக்கறதோட சரி, பேனல் பக்கமே வந்ததில்ல. அன்னிக்கு லீவு வேற" என்றார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் நிழல் விழுந்தாலும் நீ என்று நினைத்தேன். நீ கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாய் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஏன் அதை எனக்கு எழுதினாய்? தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் அம்மா கும்பிட்டதைப் படித்தபோது இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அந்த அறையில் அந்த அதிகாரியைக் கும்பிட்டேன். ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது? இடது கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே வைத்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

பத்து நாள் யோசித்தேன். யோசித்துவிட்டு, போன புதன்கிழமை உன் முதல் கடிதத்தைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் இளகியிருப்பேன். படித்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார். "எங்க டெஸ்டர்தான் சார்" என்றேன். உன் கல்லூரியையும் விடுதி விலாசத்தையும் சொன்னேன். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 2, அதே இடம், அதே பத்து மணி. உனக்கு நோட்டீஸ் வரும். வயர் போட்டது நீ என்று கடிதத்திலேயே இருக்கிறது, அதை இனி அழிக்க முடியாது. போடச் சொன்னது அவர் என்பதை நீ வந்து வாயால் சொன்னால்தான் நிற்கும். வராவிட்டால் எல்லாம் உன் ஒருத்தி தலையில் விழும், அவர் தப்பித்துக்கொள்வார். இதை மிரட்டல் என்று நினைக்காதே. அதிகாரி சொன்னதை அப்படியே சொல்கிறேன், உனக்கு இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை என்பதால். உன் அம்மாவிடம் முதலில் நீயே சொல்லிவிடு. நோட்டீஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்த மனுஷிக்கு இன்னும் கஷ்டம்.

தலை பின்ன வரட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். இனிமேல் எனக்குக் கடிதமும் எழுதாதே, பதில் போடமாட்டேன்.

உன் மற்ற மூன்று கடிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அவற்றில் அழுகைதான் அதிகம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீயே வைத்துக்கொள். முதல் கடிதத்தில் என்ன நடந்தது என்று இருந்தது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஆறாம் நம்பர்