கிளினிக்கில் மயங்கிய அப்பா

வெள்ளிக்கிழமை, இரவு.

தாதியர் கல்லூரியில் சேர உடல் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும். அதற்காக இன்று அப்பாவோடு ஜாசின் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன்.

கிளினிக் மிஸ்ஸி ரத்தம் எடுக்க ஊசியை ஏற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். இருபது வருடமாக லாரி ஓட்டும் என் அப்பா நாற்காலியிலிருந்து சரிந்து கீழே கிடந்தார்! மிஸ்ஸி ஊசியை எடுத்ததும் ஓடிப்போய் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கால்களைத் தூக்கிப் பிடித்தேன். என் முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பார்த்தேன். தலை சுற்றவில்லை.

"காலேஜுக்கே போவல, அதுக்குள்ள வேலைய ஆரம்பிச்சிட்டியா தங்கச்சி?" என்று மிஸ்ஸி சிரித்தார். எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

அப்பா எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட சொல்லாத லா."

"சொல்லல பா. ஆனா சுகர் பாத்துருங்க."

"அடுத்த மாசம் பாப்போம்."

"அடுத்த மாசம் நான் ஹாஸ்டல்ல இருப்பேன். இப்பவே."

முனகிக்கொண்டே விரலை நீட்டினார். சுகர் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர்.

காரை நான்தான் ஓட்டி வந்தேன். மயங்கியதைச் சொல்லாமல் சுகரை மட்டும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு யோசிக்கலாம். கண் சொக்குகிறது.