வாசித்த கூட்டக்குறிப்பு

அன்பின் அத்தானுக்கு,

சுன்னாகம் தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைகளில் பெண்கள் வட்டமாக இருந்து மனம்விட்டுக் கதைக்கிறோம். நான் செயலாளர். முதல் கிழமை கதைத்ததை எல்லாம் எழுதி, மிஷன் பள்ளியில் படிப்பித்த பழக்கத்தில், அடுத்த கிழமை கூட்டக்குறிப்பாக உரக்க வாசித்துவிட்டேன். தன் கணவன் அடிப்பதாக எங்கள் வட்டத்துப் பராசக்தி சொன்னதும் அதில் இருந்தது.

எல்லோரும் தலைகுனிந்தார்கள். பராசக்திதான் கேட்டாள்.

"என்ரை கதை சரியாத்தான் இருக்கு, ரீச்சர். உங்கடை கதை ஏன் அதிலை இல்லை?"

"எழுதிறவை கதைக்கிறதில்லை" என்றேன். அவள் பேனையை வாங்கி வைத்தாள்.

ஞாயிறு பின்னேரங்களில் நீங்கள் கனடாவிலிருந்து ரெலிபோன் எடுப்பீர்கள் என்று சொல்லி, நான்கு வருடமாக யாரையும் வீட்டுக்கு வரவிடாமல் இருந்தேன். உங்கள் அழைப்பு ஒருநாளும் வந்ததில்லை. அதைச் சொன்னேன். ஒருவரும் எழுதவில்லை.

இப்போது ஞாயிறுகளில் பராசக்தி வருகிறாள்.

பதிவின்படி,
உங்கள் மனைவி